பத்து நாள் பாடம்



நாயின் வயிற்றுப்போக்கைப் பற்றி ஓர் ஆசிரியை எழுத வேண்டுமா எனச் சிலர் எண்ணக்கூடும். எழுதத்தான் வேண்டும். நன்றாக இருந்த நாய் திடீரென வீட்டை அசுத்தப்படுத்தத் தொடங்கியதும் அதைச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டு வருவோர் உள்ளனர். மறுநாள் அவ்வீட்டுப் பிள்ளை வகுப்பில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும். சில வேளைகளில் அந்நாய்க்கு நோயே இருப்பதில்லை. உணவை ஒரே நாளில் மாற்றியதுதான் காரணம்.

என் தாயார் மறைந்த பிறகு, தோட்டப்புறத்தில் வாழ்ந்த தந்தையார் கெப்பாலா பத்தாசில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். உடன் வந்தது மணி, ஒன்பது வயது நாய். அதுகாறும் அது உண்டது அப்பா தம் கையால் பிசைந்த சோறும் மீந்த குழம்பும்தான். பரிசோதித்த கால்நடை மருத்துவர் குழம்பை அறவே நிறுத்தச் சொன்னார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அந்நச்சு நீங்காது. முதிய நாய்களுக்குரிய உலர் உணவைப் பரிந்துரைத்தார்.

ஆர்வ மிகுதியால் என் மகன் அன்று மாலையே தட்டு நிறையப் புதிய உணவைக் கொட்டிவிட்டான். மணியும் ஆவலோடு தின்று தீர்த்தது. நள்ளிரவிலிருந்து வயிற்றுப்போக்கு.

“சோறு தின்ன வாயில்லா சீவனுக்குக் கல்லைப் போட்டுட்டீங்களேம்மா” என்றார் அப்பா. மறுநாள் காலை அவர் பசியாறவில்லை. துணைவியும் இல்லை, வாழ்ந்த வீடும் இல்லை; அவருக்கென எஞ்சியிருந்தது மணி மட்டுமே. அவர் பசியாறாததன் பொருள் எனக்கு நன்கு விளங்கியது.

மருத்துவர் தந்த விளக்கம் எளிமையானது. நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அது நாள்தோறும் உண்ணும் உணவுக்குப் பழகியவை. உணவு திடீரென மாறினால் அவற்றின் சமநிலை குலைகிறது. சரியாகச் செரிக்காத உணவு குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்கிறது. கழிவு இளகிப் போகிறது. குற்றம் உணவில் இல்லை, அவசரத்தில் இருந்தது.

முதல் இரண்டு நாள்கள், தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியும் குழைந்த சோறும் சிறு சிறு அளவாகக் கொடுத்தோம். உப்பு, மசாலை எதுவும் சேர்க்கவில்லை. குடிக்கத் தூய நீர் எப்போதும் இருந்தது. வயிறு சீரானதும் கீழ்க்காணும் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

1 முதல் 3ஆம் நாள் வரை: பழைய உணவு முக்கால் பங்கு, புதியது கால் பங்கு.
4 முதல் 6ஆம் நாள் வரை: இரண்டும் பாதிப் பாதி.
7 முதல் 9ஆம் நாள் வரை: பழையது கால் பங்கு, புதியது முக்கால் பங்கு.
10ஆம் நாள்: முழுவதும் புதிய உணவு.

பழைய உணவு என்றால் எங்கள் வீட்டில் குழம்பில்லாத கோழிச் சோறு. இடையில் கழிவு மீண்டும் இளகினால், முந்தைய அளவுக்குத் திரும்பி, ஓரிரு நாள் பொறுத்து மேலே செல்ல வேண்டும். கலக்கும் பொறுப்பை அப்பாவிடமே ஒப்படைத்தேன். கரண்டியால் அளந்து, கையால் பிசைந்து, அவரே ஊட்டினார்.

அவரிடம் இன்னொரு செய்தியையும் சொன்னேன். 2013இல் ‘நேச்சர்’ இதழில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுக்கள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதியாக உள்ளன என அதில் கண்டறிந்தனர். மனிதனோடு வாழ்ந்து, அவன் உணவைப் பகிர்ந்துண்டதால் வந்த மாற்றம் அது. “அப்பா, நீங்கள் போட்ட சோறு தவறில்லை, குழம்புதான் ஆகாது” என்றேன். அவர் முகம் தெளிந்தது. அன்றிரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்.

பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில:

வயிற்றுப்போக்கு யாவும் உணவு மாற்றத்தால் வருவன அல்ல. கழிவில் இரத்தம், தார்போன்ற கருநிறம், தொடர் வாந்தி, சோர்வு, நீரும் அருந்தாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பிடரித் தோலை மெல்ல இழுத்து விடுங்கள். அது உடனே படியாவிட்டால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். தடுப்பூசி முழுமை பெறாத குட்டியாயின் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டா. பார்வோ என்னும் நச்சுயிரி குட்டிகளின் உயிரைப் பறிக்கவல்லது. மனிதருக்குரிய மாத்திரைகளை நாமாகக் கொடுத்தல் ஆகாது. பாரசிட்டமோல்கூட நாய்க்கு நஞ்சாகலாம். தீபாவளிப் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி தொடங்கியதும் சில வாரங்களை நிலைமாற்றத்திற்கென ஒதுக்குகிறோம். முதல் நாளே பாடநூலைத் திணிப்பதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதே பயிற்சிக் கழகத்தில் நாம் கற்ற முதல் விதி. அறிவியல் பாடத்தில் விலங்குகளைப் பற்றிக் கற்பிக்கும்போது, இந்தப் பத்து நாள் அட்டவணையையும் மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கால், அரை, முக்கால் என்னும் பின்னமும் வரும். வாயில்லா உயிரிடம் பொறுமையும் வரும். ஒருவேளை, சந்தை ஓரத்தில் விடப்படவிருந்த ஒரு நாய் வீட்டிலேயே தங்கவும் கூடும்.