ஒரே கடல்... ஊருக்கு ஊர் வேறு படகு! வேம்பார் முதல் பெரியதாழை வரை ஒரு கடலோரப் பயணம்

படகு வாங்கப்போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? விலை, இன்ஜின், நீளம் என்றுதான் நமக்குத் தோன்றும். தூத்துக்குடிக் கடலோரத்தில் அந்தப் பட்டியலின் முதல் வரி வேறு. தன் ஊர்க் கரைதான் முதலில். அங்கே அலை உடைகிறதா, அடங்கிக் கிடக்கிறதா? அடியில் மணலா, சேறா, பாறையா? மீன் கிடைக்கும் இடம் பக்கமா, தூரமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் படகைப் பற்றிய பேச்சே ஆரம்பிக்கும்.

வடக்கே வேம்பாரில் தொடங்கி, தெற்கே பெரியதாழையில் முடிகிறது தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை. நீளம் சுமார் 163 கிலோமீட்டர். ஒரே மாவட்டம், ஒரே மன்னார் வளைகுடா. ஆனால் வள்ளம், தோணி, கட்டுமரம், ஃபைபர் படகு, விசைப்படகு என்று இந்தக் கரை பார்த்த கலங்கள் பல. இத்தனை வகை எதற்கு? ஒரே படகை எல்லா ஊரிலும் ஓட்டினால் ஆகாதா?

வடக்கிலிருந்து தெற்காக ஒரு நடை போய் வந்தால் விடை கிடைத்துவிடும்.

அலையைத் தடுக்கும் தீவுகள்

வேம்பார், கீழவைப்பார், தருவைகுளம் பக்கம் நின்று கடலைப் பார்த்தால், 'இது கடலா, கண்மாயா?' என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலான நாட்களில் அவ்வளவு அமைதி. காரணம், கரைக்கு எதிரே வரிசையாகக் கிடக்கும் தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும்தான். மன்னார் வளைகுடாவில் மொத்தம் 21 தீவுகள் என்பது கணக்கு. அவற்றில் வேம்பார்ப் பகுதியில் 3, தூத்துக்குடிப் பகுதியில் 4. கிழக்கிலிருந்து வரும் அலை பவளப்பாறையில் மோதி வேகமிழந்துதான் கரைக்கு வந்து சேர்கிறது.

இப்படிப்பட்ட கரைக்கு வள்ளம் பொருத்தம். பலகைகளை இணைத்துச் செய்யப்படும் இந்தப் படகுக்கு அடியில் நீள வாக்கில் முதுகெலும்பு மாதிரி ஒரு மரம் உண்டு. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவதால், பாய் விரித்தாலும் படகு பக்கவாட்டில் அதிகம் நழுவாது. உள்ளே ஆள் உட்காரலாம், வலையைக் குவிக்கலாம், மீனை நனையாமல் வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அலை உடையும் கரையில் இதை ஏற்றி இறக்குவது கஷ்டம். கனம் அதிகம், அலை பக்கவாட்டில் அடித்தால் புரண்டுவிடும். அமைதியான நீரில் நங்கூரம் போட்டு நிறுத்த இடம் இருக்கிற ஊர்தான் வள்ளத்துக்கு ஊர்.

அந்த அமைதியும் நிரந்தரமில்லை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் இங்கிருந்த பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குசல்லித் தீவு இன்று நீருக்கடியில் இருக்கிறது. வான் தீவு கரைந்து சுருங்க, அதைக் காப்பாற்ற அதன் முன்னே கடலடியில் செயற்கைப் பாறைகள் போடப்பட்டிருக்கின்றன. தீவு போனால் அலைக்குத் தடுப்பு போகும். தடுப்பு போனால், வள்ளம் நிறுத்திய கரையில் வள்ளம் நிறுத்த முடியாது.

முத்துக்கு ஏற்ற படகு

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பழைய பெயர். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இவை கிடக்கின்றன.

முத்துக்குளிக்குத் தேவைப்பட்டது வேகமான படகு அல்ல. ஆடாமல் நிற்கும் அகலமான படகு. குளியாளி ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கயிற்றின் வழியே அடிக்கு இறங்குவார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பார். மேலே கயிறு பிடிக்கத் தனி ஆட்கள். அத்தனை பேரோடு மாலையில் சிப்பிக் குவியலும் சேரும். அந்தப் பாரத்தோடு பல கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும்.

படகு சரியாக இருந்தால் மட்டும் போதாது. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன், மார்ச், ஏப்ரலை ஒட்டிக் கடல் தெளிந்து அடங்கும். அந்தச் சில வாரங்களில்தான் முத்துக்குளி நடக்கும். இங்கே பெரிய அளவில் முத்துக்குளி கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பி வளம் குறைந்துபோனதால் பிறகு நடக்கவில்லை. தூத்துக்குடி நகரை ஒட்டிய திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் தொழில் மட்டும் அந்த மரபின் மிச்சமாகத் தொடர்கிறது.

ஆழமில்லாத துறைமுகத்தின் தோணி

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் நிற்கும் மரத் தோணிகளைப் பார்த்தால், ஏதோ பழைய படத்துக்கான செட் என்று நினைத்துவிடலாம். அவை இன்றும் வேலை செய்கிற கலங்கள். சில நூறு டன் சரக்கை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு, லட்சத்தீவு வரை போய்வருகின்றன. பாயோடு இன்ஜினும் சேர்ந்துகொண்டது. தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் ஓய்வு.

தோணிக்கு இந்த வடிவம் வந்ததற்கும் கரைதான் காரணம். தூத்துக்குடியை ஒட்டிய கடல் ஆழமற்றது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் சில மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றுவிடும். சரக்கைத் தோணியில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் துறைமுகத்தை நம்பித்தான்.

1974-ல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. தலா ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டி, நடுவில் ஆழப்படுத்தினார்கள். கரைக்கு ஏற்றபடி கலம் செய்துகொண்டிருந்த ஊரில், கலத்துக்கு ஏற்றபடி கரையை மாற்றிய பெரிய வேலை இது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே போகும்போது தேவைப்படும்.

மூழ்காத மரம்

திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு, பெரியதாழை பக்கம் போனால் கடலின் குரலே மாறிவிடுகிறது. இங்கே தீவுகளின் பாதுகாப்பு இல்லை. தெற்கிலிருந்து வரும் பேரலை நேராகக் கரைக்கு வந்து உடைகிறது. சவாரி செய்ய இந்த அலை போதுமென்று அலைச்சறுக்கு வீரர்கள் மணப்பாட்டைத் தேடி வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரைக்குக் கிடைத்த விடைதான் கட்டுமரம். கனமில்லாத சில மரத்துண்டுகளைச் சீவி, வளைவு கொடுத்து, கயிற்றால் கட்டினால் முடிந்தது. ஆணியில்லை, பலகையில்லை, உள்ளே பள்ளமும் இல்லை. மேலே ஏறுகிற தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அலை ஓயும் இடைவெளியைப் பார்த்து உள்ளே தள்ளுவார்கள். திரும்பும்போது அலையோடு சேர்ந்து மணலில் வந்து ஏறுவார்கள். கரையில் கயிற்றை அவிழ்த்தால் தூக்கிக்கொண்டு போகச் சில ஆட்கள் போதும். துறைமுகம் தேவையே இல்லை.

குறைகளும் உண்டு. ஊறிய மரம் கனக்கும் என்பதால் வெயிலில் காயப்போட வேண்டும். நிறைய மீன் ஏற்ற முடியாது. ஆள் எந்நேரமும் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். வெகுதூரம் போவதும் சிரமம்.

இந்த வட்டாரத்து எழுத்தாளர் ஜோ டி குரூஸ் இரண்டு பெரிய நாவல்கள் எழுதியிருக்கிறார். கட்டுமர மீனவர்களின் வாழ்வுக்கு 'ஆழி சூழ் உலகு'. தூத்துக்குடித் தோணித் தொழிலுக்கு 'கொற்கை'. கலம் மாறினால் வாழ்க்கையே வேறு கதையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பனிமலையிலும் இதே கேள்வி

தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம் இருக்கிறது. ரோமில் ஆகஸ்ட் மாத வெயிலில் பனி பொழிந்ததாகச் சொல்லப்படும் மரபிலிருந்து வந்த பெயர் அது. பனியே விழாத ஊரில், பனியின் பெயரால் ஆகஸ்ட் 5-ல் திருவிழா.

நிஜமாகவே பனி விழும் குல்மார்க் போன்ற ஊர்களிலும் இதே தேர்வுச் சிக்கல் உண்டு. ரோப் கார் போகாத மலைச்சரிவில் தாங்களே ஏறிச் சறுக்கி இறங்குகிறவர்கள், சறுக்குப்பலகை வாங்கும்போது திணறுவார்கள். அகலமான பலகை புதுப்பனியில் புதையாமல் மிதக்கும். இறுகிய பனியில் சட்டென்று பிடிமானம் தராது. குறுகிய பலகை இறுகிய பனியில் நன்றாகப் பிடிக்கும், புதுப்பனியில் புதையும். எடை குறைந்தால் ஏறுவது சுலபம்; கரடுமுரடான பனியில் வேகமாக இறங்கும்போது ஆட்டம் காணும். எல்லாப் பனிக்கும் ஒரே பலகை கிடையாது. எந்தப் பனியில் அதிக நாள் போகப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

கட்டுமரம் லேசு, வள்ளம் கனம். இரண்டில் எது நல்லது என்றால், எந்தக் கரையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே ஃபைபர்

இன்று இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் கண்ணில் படுவது ஃபைபர் படகு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகத் தமிழகக் கரையெங்கும் இவை வந்து குவிந்தன. கட்டுமரத்தைவிடத் தூரம் போகும், வேகம் அதிகம், மீனும் கூடுதலாக ஏற்றலாம். உடைந்தால் ரெசின் பூசி ஒட்டலாம். மரத்துக்கு அலைய வேண்டாம்.

சட்டமும் கலத்தைப் பொறுத்து மாறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆக, என்ன படகு என்பது, வருஷத்தில் எத்தனை நாள் அடுப்பெரியும் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

வடக்குக் கரையில் ஃபைபருக்குப் பெரிய சிக்கலில்லை. தெற்கேதான் பிரச்னை. இன்ஜினோடு சேர்ந்த கனத்தை அலை உடையும் மணலில் இழுத்து ஏற்ற நிறைய ஆட்களோ டிராக்டரோ வேண்டும். அலைக்குள் இன்ஜின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். கட்டுமரம் கவிழ்ந்தால் போவது அன்றைய மீன்; இது கவிழ்ந்தால் இன்ஜின், வலை, அவற்றுக்கு வாங்கிய கடன் எல்லாம் கடலோடு போகும். சில நேரம் ஆளும்.

அதனால்தான் தெற்கத்தி மீனவ ஊர்களில் 'தூண்டில் வளைவு' என்ற கோரிக்கை திரும்பத் திரும்பக் கேட்கிறது. கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டும் தடுப்பு அது. அதன் மறைவில் அலை அடங்கும்; படகு நிறுத்தலாம். ஆனால் கடலோர மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பின் ஒரு பக்கத்தில் மணல் சேர்ந்தால், மறுபக்கத்தில் கரை அரிக்கும். இந்த ஊருக்குப் படகு நிறுத்த இடம் கிடைத்தால், அடுத்த ஊர் தன் கரைக்கும் ஒரு தடுப்பு கேட்க வேண்டிவரும்.

கட்டுமரக் காலத்தில் கரைக்கு ஏற்றபடி கலம் அமைந்தது. இப்போது கலத்துக்கு ஏற்றபடி கரையை வளைக்க வேண்டியிருக்கிறது. பெரிய துறைமுகத்தில் 1974-ல் நடந்தது, சிறிய அளவில் ஊருக்கு ஊர் நடக்கிறது. இதற்காக மீனவர்களைக் குறை சொல்ல முடியாது. கரையோரம் மீன் குறைந்துவிட்டால் தூரம் போய்த்தான் ஆகவேண்டும். தூரம் போக இன்ஜின் வேண்டும். பிள்ளைகள் மறுபடி கட்டுமரத்தில் நனையட்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஆனால், அலை உடையும் கரையில் லேசான எடை ஏன் முக்கியம், தண்ணீர் தானே வடிந்துபோகும் வடிவம் எப்படி உயிர் காக்கும் என்பதெல்லாம் கட்டுமரம் சொல்லித்தந்த பாடங்கள். 1980-களிலேயே கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்தில், ப்ளைவுட்டில் கட்டுமரத்தின் குணத்தோடு புதிய படகுகள் செய்து பார்த்திருக்கிறார்கள். அடுத்து வரப்போகும் மானியப் படகும் எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வராமல், கரையைப் பார்த்து வந்தால் கல் கொட்டும் செலவில் கொஞ்சமாவது மிஞ்சும்.

பார்க்கப் போகிறீர்களா?

காலையில் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகளையும், பழைய துறைமுகப் பக்கம் தோணிகளையும் பார்த்துவிட்டு, திருச்செந்தூர் வழியாக மணப்பாடு போகலாம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து மணப்பாடு இன்னும் 18 கிலோமீட்டர் போல. மணப்பாட்டு மணல்மேட்டில் திருச்சிலுவைக் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அலை வரிசையாக வந்து உடைவது தெளிவாகத் தெரியும். கீழே கரையேறும் படகு ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்படாமல் நின்று பாருங்கள். அலைக்கு வெளியே அது எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, கரையிலிருந்து எத்தனை பேர் ஓடிவந்து கை கொடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த ஊருக்கு எந்தப் படகு வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.