காற்று கசியும் காடு: வெர்மான்ட் மேப்பிள் தோப்புகளில் ஒரு வேட்டை

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கிராமங்களில் ஊர்க்கூட்டம் நடக்கும். சாலைச் செலவு, வரி, பள்ளிக்கூடக் கணக்கு எல்லாவற்றையும் ஊர்மக்கள் கூடிப் பேசி ஓட்டெடுத்து முடிவு செய்யும் நாள் அது. மேப்பிள் மரத்தில் துளை போடுவதற்கும் அந்த நாளைத்தான் பழைய தலைமுறை கணக்காக வைத்திருந்தது. இன்று ஆயிரக்கணக்கில் மரம் வைத்திருப்பவர்கள் ஜனவரியிலேயே டிரில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனாலும் சாறு ஓடுவதென்னவோ பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரைதான். அதிலும் எல்லா நாளும் ஓடாது. ஓர் ஆண்டுக்கான வருமானம் அந்த ஐந்தாறு வாரத்துக்குள் வந்தாக வேண்டும்.

கனடா எல்லையை ஒட்டிய இந்தச் சின்ன மாநிலத்திலிருந்துதான் அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கியூபெக் மாகாணம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் வெர்மான்டில் பெரும்பாலும் இது குடும்பத் தொழில். மலைச்சரிவில் கொஞ்சம் காடு, அடிவாரத்தில் புகைபோக்கியோடு ஒரு பாகு காய்ச்சும் கொட்டகை, பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகை. இப்படித்தான் பல வீடுகள் இருக்கின்றன.

சர்க்கரை மேப்பிள் மரம் துளை போடும் பருமனுக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டு ஆகும். நெஞ்சு உயரத்தில் அடிமரம் 30 சென்டிமீட்டர் குறுக்களவாவது இருந்தால்தான் ஒரு துளை. இரவில் எல்லாம் உறைந்து, பகலில் வெயில் பட்டு இளக வேண்டும். உறையும்போது மரத்தின் நார்களுக்குள் இருக்கும் காற்று சுருங்க, வேரிலிருந்து தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. இளகும்போது அந்தக் காற்று விரிந்து, சாற்றைத் துளை வழியே வெளியே தள்ளுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை 2 சதவிகிதம் அளவுக்குத்தான். நாக்கில் வைத்தால் தண்ணீர்போல இருக்கும். பதநீர் குடித்துப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். 1 லிட்டர் பாகுக்கு 40 லிட்டருக்கு மேல் சாறு வேண்டும். அதனால் ஒவ்வொரு மரத்திலிருந்தும் எத்தனை லிட்டர் இறங்குகிறது என்பதே இவர்களுக்கு வாழ்வா சாவா கணக்கு.

வாளியிலிருந்து குழாய்க்கு

முன்பெல்லாம் மரத்துக்கு மரம் தகர வாளி தொங்கும். குதிரை வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போய், பனிக்குள் நடந்து ஒவ்வொரு வாளியாகக் கொட்டிவர வேண்டும். 1950-களில் பிளாஸ்டிக் குழாய் வந்து இந்த வேலையை மாற்றியது. இன்று மேப்பிள் காட்டுக்குள் நுழைந்தால், நீலமும் பச்சையுமாக இடுப்பு உயரத்தில் குழாய்கள் வலைபோலப் பின்னிக்கிடக்கின்றன.

சொட்டுநீர் போட்ட விவசாயிக்கு இந்த அமைப்பு உடனே புரிந்துவிடும். மரத்தில் 8 மில்லிமீட்டர் துளை. அதில் ஒரு பிளாஸ்டிக் மூக்கு. மூக்கிலிருந்து தொங்கும் சிறுகுழாய் ஒரு டீ வழியாக லேட்டரல் குழாயில் சேர்கிறது. லேட்டரல்கள் முக்கால் அங்குலம், 1 அங்குல மெயின் லைனில் சேர்கின்றன. மெயின் லைன் தொய்ந்துவிடாமல் இழுத்துக் கட்டிய கம்பியோடு சேர்த்து முடியப்பட்டு, 2 சதவிகிதமாவது சரிவோடு கீழே இறங்குகிறது. வித்தியாசம் ஒன்றுதான். சொட்டுநீரில் தண்ணீர் மெயினிலிருந்து செடிக்குப் போகிறது. இங்கே மரத்திலிருந்து மெயினுக்கு வருகிறது.

கொட்டகையில் ஒரு வேக்குவம் பம்ப் ஓடுகிறது. அது சாற்றை இழுப்பதில்லை, குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. பம்புக்கும் குழாய்களுக்கும் நடுவே ரிலீசர் என்ற கலன் இருக்கிறது. அது வேக்குவத்தை விடாமலே, சேரும் சாற்றை அவ்வப்போது தொட்டியில் கொட்டிவிடும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் மரத்துக்கு உள்ளுக்கும் வெளிக்குமான அழுத்த வித்தியாசம் கூடும், சாறு கூடுதலாக இறங்கும். வாளியில் ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் ஏறக்குறைய 40 லிட்டர் கிடைத்த இடத்தில், நன்றாக ஓடும் வேக்குவத்தில் 80 லிட்டரும் அதற்கு மேலும் கிடைக்கிறது.

இந்த வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள். நல்ல தோப்பில் மீட்டர் முள் 25-லிருந்து 28 வரை நிற்கும். மேன்ஸ்ஃபீல்டு மலையின் மேற்குச் சரிவில், அண்டர்ஹில் என்ற ஊரில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1946-ல் தொடங்கியது. அந்த மையத்தின் கணக்குப்படி, வேக்குவம் 1 அங்குலம் கூடினால் சாறு 5 முதல் 7 சதவிகிதம் கூடும். திருப்பிப் பார்த்தால், ஓர் இரவில் எங்கோ ஒரு குழாய் பிய்ந்து முள் 26-லிருந்து 21-க்கு இறங்கினால், அன்றைய சாற்றில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். மரம் அதை நாளைக்குச் சேர்த்துக் கொடுக்காது.

சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சும், மண் நனையும், கண்ணுக்குத் தெரியும். இங்கே எதுவும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மோட்டாரின் சக்‌ஷன் பைப்பில் காற்று இழுத்தால் எங்கே என்று தெரியாமல் அல்லாடுவது தமிழக விவசாயிகளுக்குப் பழக்கம்தான். அதே தலைவலி, பல கிலோமீட்டர் குழாயில், பனிமூடிய மலைச்சரிவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொட்டகையிலிருந்து தொடங்கு

அனுபவசாலிகள் முள் இறங்கியதும் காட்டுக்குள் ஓடுவதில்லை. முதலில் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடி, பம்ப் தனியாக எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். அங்கேயே முள் ஏறாவிட்டால் கோளாறு காட்டில் இல்லை. எண்ணெய் குறைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், பம்ப் சூடாகியிருக்கலாம். பம்ப் சரி என்றால் அடுத்து ரிலீசர். அதன் மூடி வாஷரில் ஒரு மரத்தூள் ஒட்டியிருந்தாலும் காற்று இழுக்கும். இதையெல்லாம் பார்க்காமல் அரைநாள் பனியில் நடந்துவிட்டு, கடைசியில் கொட்டகைக்குள்ளேயே ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கடல் மட்டத்தில் முழு வேக்குவம் என்பதே 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான். 1,000 அடி உயரம் ஏறினால் அதில் சுமார் 1 அங்குலம் குறைந்துவிடும். பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு 28 வருகிறது, நமக்கு 26½-க்கு மேல் ஏறவில்லையே என்று மலைமேல் இருப்பவர் கசிவைத் தேடினால், இல்லாத ஒன்றைத் தேடுவதாகிவிடும்.

கொட்டகை சரி என்றான பிறகு, மெயின் லைன் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். எதை மூடும்போது முள் சட்டென்று ஏறுகிறதோ அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். பிறகு அந்த லைனின் கடைக்கோடிக்கு நடை. அங்கேயும் ஒரு மீட்டர் இருக்கும். இங்கே சரியாக யோசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். கொட்டகையிலும் முள் தாழ்ந்து, கடைக்கோடியிலும் தாழ்ந்திருந்தால் அது கசிவு. கொட்டகையில் முள் நன்றாக நின்று, கடைக்கோடியில் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் அடைப்பு. நிழலான இடத்தில் குழாய்க்குள் பனிக்கட்டி இன்னும் இளகாமல் இருக்கும், அல்லது கம்பி தொய்ந்து பள்ளத்தில் சாறு தேங்கிக் காற்றுக்கு வழியில்லாமல் நிற்கும். தொய்வுக்குக் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். கசிவைத் தேடி எவ்வளவு நடந்தாலும் அது தீராது.

குமிழி சொல்லும் சேதி

லேட்டரல் குழாய்கள் உள்ளே தெரிகிற மாதிரிதான் இருக்கும். சாற்றோடு கொஞ்சம் காற்றுக் குமிழி வருவது இயல்பு. மரத்துக்குள் இருக்கும் காற்றையும் வேக்குவம் இழுக்குமே. அந்தக் குமிழிகள் நீளமாக, மெதுவாக, எறும்பு ஊர்வதுபோல நகரும். கசிவுள்ள லேட்டரலில் அப்படியில்லை. சாறு நுரைத்து, துண்டு துண்டாக, விரட்டினாற்போல ஓடும். புதிதாக வருபவர்கள் குமிழி எதைப் பார்த்தாலும் கசிவு என்று நினைத்துவிடுகிறார்கள். வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடும் லேட்டரலைக் கண்டதும் அதை மேல்நோக்கிப் பின்தொடர்கிறார்கள். ஓட்டைக்குக் கீழே சாறு விரட்டிக்கொண்டு ஓடும், மேலே தூங்கிக்கிடக்கும். வேகம் எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே நின்றால் ஓட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் லேட்டரலை விரலால் மடக்கிப் பிடிக்கிறார்கள். கீழே மீட்டர் ஏறினால் ஓட்டை மடக்கிய இடத்துக்கு மேலே. ஏறாவிட்டால் கீழே. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதில் இருக்கும் பொறுமை வேண்டும். காற்றில்லாத காலையில் காதே போதும். ‘உஸ்’ என்ற சத்தம் பத்து அடி தள்ளியே கேட்கும். மரங்கள் அசையும் நாளில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஓட்டையைக் கண்டபின் வேலை சின்னது. கெட்ட துண்டை வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் ஒரு இணைப்பில் செருக வேண்டும். கடுங்குளிரில் பிளாஸ்டிக் கல்போல இறுகிவிடும் என்பதால், முன்பெல்லாம் பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போய்க் குழாய் முனையை முக்கி இளக்குவார்கள். இப்போது இரண்டு பிடியும் கொண்ட ஒரு கருவி குழாயைக் கவ்வி, இணைப்பின்மேல் தள்ளிவிடுகிறது. வெந்நீர் பிளாஸ்க்கைக் கைவிடாதவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டை போடுபவர் யார்?

விழும் கிளை ஒரு காரணம். மான் முட்டும், கரடி கடித்து இழுக்கும். ஆனால் முதல் குற்றவாளி அணில்தான். சொட்டுநீர் லேட்டரலை அணில் கடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ஆனால் இந்த ஊர்ச் செவ்வணிலுக்கு மேப்பிளோடு தனி உறவு உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த பெர்ன்ட் ஹைன்ரிச், 1992-ல் வெளியிட்ட ஆய்வில் இதை விவரித்திருக்கிறார். செவ்வணில் மேப்பிள் பட்டையை ஒரே கடியாகக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். வழியும் சாறு வெயிலில் காய்ந்து சர்க்கரை கெட்டியான பிறகு திரும்பிவந்து நக்கும். தண்ணீரை வற்றவிட்டுச் சர்க்கரையை மட்டும் எடுப்பது என்ற சூத்திரம் அணிலுக்கும் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பிராணி இனிப்பு ஓடும் குழாயைச் சும்மா விடுமா? ஓர் அணில் ஒரே நாளில் ஒரு வரிசை முழுக்கப் பல்லை வைத்துவிட்டுப் போய்விடும்.

அணில் கடி கண்ணுக்குத் தெரியும். அதைவிட மோசம், மரத்திலேயே விழும் நுண்கசிவு. டிரில் பிடிக்கும் கை ஆடினால் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் போய்விடும். மூக்கை ஓங்கி அடித்தால் மரம் மேலும் கீழுமாக விரியும். லேசாக அடித்தால் உட்காராது. தட்டும்போது சத்தம் ‘டக்’கிலிருந்து ‘தொப்’பென்று மாறும் நொடியில் சுத்தியலை நிறுத்த வேண்டும் என்பது அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம். டிரில்லில் வரும் தூளையும் பார்க்கச் சொல்கிறார்கள். வெள்ளைத் தூள் என்றால் நல்ல கட்டை. பழுப்பு என்றால் பழைய துளையின் காயத்துக்குள் போயாயிற்று, அங்கே சாறு வராது. இப்படி நூறு மூக்கில் நூறு மயிரிழைக் கசிவு இருந்தால், ‘உஸ்’ சத்தம் எங்கும் கேட்காமலே முள் 3 அங்குலம் கீழே நிற்கும். இதற்கு மருந்து மார்ச் மாதத்தில் இல்லை, துளை போடும் நாளில்தான் இருக்கிறது.

கசிவால் வரும் நட்டம் அன்றைய சாற்றோடு முடிவதும் இல்லை. வேக்குவம் விழும்போது குழாயில் கிடக்கும் பழைய சாற்றை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதோடு நுண்ணுயிரிகளும் துளைக்குள் போகும். மரம் அந்தத் துளையை வேகமாக அடைத்துவிடும், பருவம் அந்த மரத்துக்கு முன்கூட்டியே முடிந்துபோகும். இதைத் தடுக்க, உள்ளே சின்னக் குண்டு வைத்து ஒருபக்கம் மட்டும் ஓடவிடும் மூக்கை அதே வெர்மான்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வடிவமைத்தார்கள். கிணற்று ஃபுட் வால்வு செய்யும் வேலைதான் அது.

இப்படி இழுத்தால் மரத்துக்குக் கெடுதல் இல்லையா என்ற கேள்வி எழுவது இயற்கை. துளையைச் சுற்றி உண்டாகும் செத்த கட்டை, வேக்குவம் வைத்த மரத்திலும் வைக்காத மரத்திலும் ஒரே அளவில்தான் இருக்கிறது என்று ப்ராக்டர் மையத்தின் ஆய்வு காட்டியது. காயத்தை உண்டாக்குவது துளைதான். அதனால்தான் துளையின் அளவை முன்பிருந்த 11 மில்லிமீட்டரிலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள், மெலிந்த மரத்தைத் தொடுவதில்லை.

வசதியுள்ளவர்கள் இப்போது ஒவ்வொரு மெயின் லைன் முனையிலும் ரேடியோ சென்சார் வைத்து, எந்த லைனில் முள் இறங்கியது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அது நடையைப் பாதியாகக் குறைக்கிறது. ஆனால் லைனைத்தான் சொல்லும், எந்த மரம் என்று சொல்லாது. கடைசி நூறு மீட்டரை இன்னும் ஒருவர் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியும் இணைப்புகள் நிறைந்த பையுமாக நடந்துதான் தீர்க்க வேண்டும்.

ஏப்ரலில் மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் பாகின் சுவை கெட்டுவிடும். அன்றோடு பம்பை நிறுத்துகிறார்கள். மூக்குகளைப் பிடுங்கி, குழாய்களைக் கழுவி, அடுத்த பருவத்துக்கு விட்டுவைக்கிறார்கள். பிடுங்கிய துளையை மரம் ஓரிரு ஆண்டில் மூடிக்கொள்ளும். அடுத்த துளை அதிலிருந்து கையளவு தள்ளி. குழாய்கள் மட்டும் காட்டிலேயே கம்பியில் தொங்கிக்கிடக்கும், கோடை முழுக்க அணில்களுக்கு நடுவில்.