சேப்பாக்கம் அரண்மனை சொல்லும் பாடம்



பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று பார்க்கும்படி அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் நம்மைப் பணிக்கிறான். அதற்காக நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழும் நமக்கு நடைதூரத்திலேயே ஓர் அரண்மனை இருக்கிறது. ஆயினும் கிரிக்கெட் மைதானத்தை அறிந்த அளவுக்கு அதன் பக்கத்திலுள்ள சேப்பாக்கம் அரண்மனையை நம் பிள்ளைகள் அறியார்.

ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் கட்டிய அரண்மனை அது. ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என இரு பகுதிகள். அவற்றை இணைக்கும் கோபுரம் ஆங்கிலேயர் காலத்தில் ராபர்ட் சிஷோம் எழுப்பியது. 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையானபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அது செப்பனிடப்பட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அளிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கெனச் சீட்டு விற்கும் இடமன்று. அரசு அலுவலகங்களின் வளாகம். எங்கள் மதரஸா மாணவர்களை ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் சென்றபோது, வெளியே நின்றே வளைவுகளையும் மாடங்களையும் காட்டினோம்.

மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், இது நம்ம அரண்மனைதானே? நம்மகிட்டேயிருந்து பிடுங்கிக்கிட்டாங்களா?”

பெருமிதமும் மனக்குறையும் கலந்த கேள்வி. “ஆம்” என்று சொல்லி முடித்துவிடுவது எளிது; அது பாதி உண்மையும்கூட. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் நேரடி வாரிசின்றி மறைந்ததும், ஆங்கிலேயர் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859இல் சென்னை அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. ஆனால் மீதிப் பாதியையும் சொல்லாமல் விடுவது அமானிதத்துக்குப் பொருந்தாது.

அந்த மீதிப் பாதியின் பெயர் கடன். போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் நவாப் வாலாஜா, கம்பெனி ஊழியர்களிடமே பெருவட்டிக்குக் கடன் வாங்கினார். இந்த அரண்மனையைக் கட்டியவராகக் கருதப்படும் பால் பென்ஃபீல்டே அவருக்குக் கடன் கொடுத்தோரில் முதன்மையானவர். 1773இல் தஞ்சாவூரைக் கைப்பற்றிய நவாப், அதன் வரி வருவாயையும் வயலில் நின்ற விளைச்சலையும் தமக்கு ஈடாக எழுதிக்கொடுத்ததாக பென்ஃபீல்டு உரிமை கோரினார். அந்தப் பூசலில் 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபுவே சிறைவைக்கப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றி நெடிய உரை நிகழ்த்தினார். கடன் கொடுத்தோர் செழித்தனர், உழவர் நலிந்தனர். 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. வாள் முனையில் இழந்ததைவிட வட்டியில் இழந்தது அதிகம் என்றே மாணவர்களுக்குச் சொன்னோம்.

பின்னர் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள வாலாஜா பள்ளிவாசலுக்குச் சென்று அஸர் தொழுதோம். நவாப் மறைந்த அதே 1795ஆம் ஆண்டைச் சேர்ந்தது அப்பள்ளி. அங்குள்ள பாரசீகக் கல்வெட்டை இயற்றியவர் நவாபின் அவையிலிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரிது என்னும் பொருள்படும் சொற்றொடர் அதில் உண்டு. அதன் அரபு எழுத்துகளின் அப்ஜத் எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். மாணவர்கள் விரல்விட்டு எண்ணிக் கூட்டிப் பார்த்து மகிழ்ந்தனர். ரமளானில் மயிலாப்பூரின் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்து அன்பர்கள் இங்கே நோன்பாளிகளுக்கு இஃப்தார் பரிமாறுகிறார்கள்.

ஒரே மனிதரின் காலத்தில் எழுந்த இரு கட்டடங்கள். தமக்கென எழுப்பியது நூறாண்டுகூடக் குடும்பத்தின் கையில் நிற்கவில்லை. அல்லாஹ்வுக்கென எழுப்பியதில் இன்றும் ஐவேளையும் ஸஃப் நிற்கிறது. தோட்டங்களையும் நீரூற்றுகளையும் மாளிகைகளையும் விட்டுச் சென்றோரையும், அவற்றுக்கு வேறு மக்கள் வாரிசானதையும் சூரா அத்துகான் நினைவூட்டுவதை அங்கே அமர்ந்து ஓதினோம்.

இது நவாபுகளின் கதை மட்டுமன்று. இன்று நம் மஹல்லாக்களில் நிகாஹ் என்றால் என்ன நடக்கிறது? ஓர் இரவுக்கு மண்டபம், மேடை அலங்காரம், பத்து வகை உணவு. அவற்றுக்காக நகை அடகுக்குப் போகிறது, வட்டிக் கடன் வீட்டுக்குள் வருகிறது. கைக்கூலி கேட்காத குடும்பங்களும் பிறர் கண்ணுக்காகச் செலவழிக்கின்றன. மணமக்கள் தவணையோடு இல்லறம் தொடங்குகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான் என்று காரணமும் சொன்னார்கள். அரசரின் கடன் நாட்டை விழுங்கியது. நம் கடன் நம் வீட்டின் நிம்மதியை விழுங்குகிறது.

ஆகவே பெற்றோர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் சேப்பாக்கம் சென்று வாருங்கள். முன்னோரின் பெருமையைச் சொல்லுங்கள். அவர்கள் சறுக்கிய இடத்தையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை பிறர்மீது வெறுப்பும் கொள்ளாது, வீண் பெருமையும் பேசாது. அடுத்த நிகாஹுக்கு நாள் குறிக்கும்போது, செலவுக் கணக்கை எழுதும் முன் அந்த வளைவுகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியின் தீங்கிலிருந்தும் வீண்பகட்டிலிருந்தும் நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் காப்பானாக! அவனுக்கென நிலைப்பதைக் கட்டியெழுப்பும் நல்வாய்ப்பை நமக்கு அருள்வானாக! ஆமீன்.