ஆயாவின் பெயரையும் சேர்த்து எழுது

கண்ணு, உனக்கு அங்கன்வாடி வேலை கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். பழவேற்காட்டுப் பக்கம் இப்போதும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்வோம். பிள்ளைகளுக்கு என்ன பாட்டு சொல்லிக்கொடுப்பது, எடை எப்படிப் பார்ப்பது, சத்துமாவு எத்தனை கிராம் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். உனக்குச் சேரவேண்டியது என்ன, உன்னோடு வேலை செய்யும் ஆயாவுக்குச் சேரவேண்டியது என்ன என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். பாடு என்றால் உனக்குத் தெரியும். ஏரி முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடத்தில் ஆளாளுக்கு வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிமடம், நடுவூர் மாதா குப்பம் மூன்றும் முறை வைத்துக்கொண்டு வலை போடுகின்றன. இன்று யார், நாளை யார் என்பது முன்கூட்டியே தெரியும். பட்டியலில் பெயர் உள்ளவன் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவன் முறை அவனுடையதுதான். இதைப் படிப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து போனார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் ஆண்கள் பெயர். இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பெயர் அதில் ஏறாது. இருளர்களின் பெயரும் ஏறாது. அவர்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். முறை உள்ளவனுக்குப் பாடு நியாயமாகத்தான் தெரியும். அந்த நியாயத்தின் அளவைப் பார்க்க வேண்டுமானால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவளிடம் கேட்க வேண்டும்.

நீ போகும் வேலையும் அப்படித்தான்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. முதலில் நாடு முழுக்க 33 வட்டாரங்கள்தான். தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். குழந்தைகள் நல மையம் என்ற பலகைகள் குப்பங்களில் ஏறியது அந்தக் காலத்தில்தான். பெண்களுக்கு அதில் ஏகப்பட்ட வேலை கிடைத்தது. கணவனைக் கடலில் பறிகொடுத்தவர்களும், கைவிடப்பட்டவர்களும் முதல்முறையாக மாதாமாதம் ஒரு தொகையைக் கையில் பார்த்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு இருந்தது. பிரச்சினையும் அந்த நன்றியிலேயே இருந்தது. கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டோம். பிள்ளைகளுக்குச் சோறு போடுவது புண்ணியம், அதற்குப் போய்க் கணக்குப் பார்க்கலாமா என்று வெளியில் இருப்பவர்களும் கேட்டார்கள். புண்ணியத்தை மளிகைக் கடைக்காரர் பாக்கியில் கழித்துக்கொள்ள மாட்டார், கண்ணு.

மத்திய அரசின் ஏட்டில் நீ தன்னார்வத் தொண்டர் மாதிரி. உனக்குக் கொடுப்பது மதிப்பூதியம். 2018 அக்டோபரில்தான் பணியாளருக்கு 3,000 ரூபாயாக இருந்ததை 4,500 ஆக்கினார்கள், உதவியாளருக்கு, அதாவது ஆயாவுக்கு, 1,500 ரூபாயாக இருந்ததை 2,250 ஆக்கினார்கள். அதற்கு மேல் என்ன தருவது என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நம் மாநிலம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம்: பணியாளருக்கு 7,700, உதவியாளருக்கு 4,100. அதை முடித்தபின் பணியாளருக்கு 7,700–24,200, உதவியாளருக்கு 4,100–12,500 என்ற விகிதத்தில் ஏறும். அந்த 12 மாதம் முடியும் தேதியை நீயே குறித்து வை. கோப்பு தானாக நகரும் என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

வழக்குக் கதை இரண்டு சொல்கிறேன். 2006 டிசம்பரில் கர்நாடகத்து வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே பல காலம் எங்கள் வாயை அடைத்தார்கள். பிறகு குஜராத்தின் தாகோத் மாவட்டத்திலிருந்து நம்மைப் போன்ற பெண்களின் வழக்கு மேலே போனது. ஓய்வு பெறும்போது பணிக்கொடை வேண்டும் என்று கேட்டார்கள். கீழே சாதகமாகவும் பாதகமாகவும் மாறி மாறித் தீர்ப்பு வந்து, கடைசியில் 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் தீர்ப்புச் சொன்னார்கள். பெயர் மதிப்பூதியம் என்றாலும் வேலைக்குத் தருவது ஊதியம்தான், அங்கன்வாடி மையம் ஒரு நிறுவனம்தான், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்றார்கள். 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உணவு தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது, அந்தக் கடமையைக் கையில் எடுத்துச் செய்கிறவர்கள் இந்தப் பெண்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். அப்போது குஜராத்தில் பணியாளருக்கு மாதம் 7,800, உதவியாளருக்கு 3,950. இவர்கள் நிலைமையை அரசு அக்கறையோடு யோசிக்கும் காலம் வந்துவிட்டது என்றும் எழுதினார்கள்.

அந்தச் சட்டம் வகுத்த கணக்கு இதுதான். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய் வாங்கிய ஒருத்தி 30 வருடம் வேலை பார்த்திருந்தால் 2,07,692 ரூபாய் வருகிறது. நம் மாநிலத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு ஒட்டுமொத்தத் தொகையும், நெடுநாளாக மாதம் 2,000 ரூபாயாக இருந்த சிறப்பு ஓய்வூதியமும் தனி ஏற்பாடு. தீர்ப்பு வந்துவிட்டதால் கணக்கு தானாகக் கைக்கு வந்துவிடாது. அதற்காகத்தான் சங்கம் இன்றைக்கும் தெருவில் நிற்கிறது. நீயும் சங்கத்தில் சேர். சந்தா கட்டுவதில் கஞ்சத்தனம் பண்ணாதே.

இப்போது ஆயா விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மையத்தில் இருப்பது இரண்டே பேர். ஊரார் உன்னை டீச்சர் என்பார்கள், அவளை ஆயா என்பார்கள். சில இடங்களில் பெயரே மறந்துபோயிருக்கும். அடுப்பு மூட்டுவது, பெருக்குவது, தண்ணீர் தூக்குவது, அழும் பிள்ளையை வீட்டிலிருந்து இடுப்பில் வைத்துத் தூக்கிவருவது எல்லாம் அவள். ஊதியத்தில் உன்னில் பாதிதான். கூட்டத்துக்கு நீ போவாய், சுற்றறிக்கையை நீ படிப்பாய், செல்போன் உன் கையில். 2021இலிருந்து போஷண் டிராக்கர் செயலியில் விவரங்களை ஏற்றுவதும் உன் வேலை. ஆக, அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது உன் வாய்வழியாகத்தான் அவளுக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டால் அவளுக்கு அது இல்லாத மாதிரிதான். மேலிருப்பவர்கள் நம்மைப் பட்டியலுக்கு வெளியே வைத்தார்கள் என்று நாம் புலம்புகிறோமே, மையத்துக்குள்ளேயே நாம் அதே வேலையை இன்னொருத்திக்குச் செய்துகொண்டிருப்போம். பல மையங்களில் நடப்பது இதுதான். கெட்ட மனசால் இல்லை. நினைப்பே வராது, அவ்வளவுதான்.

மத்திய அரசின் விதிப்படி பேறுகால விடுப்பு 180 நாள், ஊதியத்தோடு. அது உதவியாளருக்கும் உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டை அங்கன்வாடிக்கு நீட்டினார்கள், அறிவிப்பில் உதவியாளர் என்றும் தெளிவாகவே இருந்தது. விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய் பிரீமியம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆயுள் காப்பீடு 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பாலிசி செத்துவிடும். மே மாதக் கடைசியில் உன் பாஸ்புக்கைப் பார்க்கும்போது அவளுடையதையும் வாங்கிப் பார். இது படகில் ஏறி இறங்கும் ஊர். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

சாதி விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன தெரியுமா, அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதை ரத்து செய்தார்கள், தடுத்தவர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் வந்தது. நம் குப்பங்களில் அப்படி இல்லை என்று மார்தட்டாதே. இருளர் வீட்டுப் பெண் ஆயாவாக வந்தால், அவள் வடித்த சோற்றை எத்தனை வீட்டுக்காரர் தயங்காமல் பிள்ளைக்குக் கொடுப்பார்கள் என்று நீயே யோசி. அப்படி ஒருத்தி வந்தால், முதல் நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவள் கையால் நீ சாப்பிடு. பேச்சு எதுவும் வேண்டாம். யாராவது வந்து ஆளை மாற்று என்றால் எழுதிக் கொடுக்கச் சொல். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

சமையல்கட்டில் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருத்திக்கு வேலை கிடைத்தாலும் இதேதான். ஒதுக்கீட்டில் வேலை தருகிற அரசு, அடுப்பு மேடையின் உயரத்தையும் படியையும் யோசிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டப்படி அதைக் கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் ஒரு சாய்தளம் போட சில மூட்டை சிமெண்டுக்கு மேல் பெரிதாக ஆகாது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேட்டுக்கொள். கணக்குப் பார்க்க வருகிறவன், சாமான் இறக்குகிறவன், ஊர்ப் பெரிய மனிதன் யாராக இருந்தாலும் தப்பாக நடந்துகொண்டால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் உனக்கு இருக்கிறது. ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தன்னார்வமாக வேலை செய்தாலும் அந்தச் சட்டத்தில் நீ பணியாளர்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதே. மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. திருவள்ளூர் வரை போக வேண்டியதில்லை, வட்டார அளவில் ஒரு பொறுப்பு அலுவலரிடம் கொடுத்தால் ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் கொடு. ஆயாவுக்கு நடந்தால் அவள் உன்னிடம்தான் முதலில் சொல்வாள், அல்லது உன்னிடம் கூடச் சொல்லமாட்டாள். முகத்தைப் பார்த்துக் கேள்.

பிள்ளைகள் பக்கமும் பட்டியல் உண்டு. ஏரிக்கரையில் பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தங்கி இறால் தடவும் குடும்பத்தின் குழந்தை உன் பதிவேட்டில் இருக்காது. ஆதார் இல்லை, முகவரி இல்லை என்பார்கள். ஆந்திரப் பக்கமிருந்து வந்து தெலுங்கு பேசும் குழந்தையும் அப்படித்தான். வந்த குழந்தைக்கு முதலில் தட்டு வை, காகிதம் பிறகு வரட்டும். உன் அலுவலகத்தில் கேட்டால், எடை பார்த்த தேதியைக் காட்டு. அதைவிட நல்ல சான்று இல்லை.

இனி வேலையைப் பார். மீஞ்சூர் வட்டார ஆபீசுக்குப் போகும்போது பணி நியமன ஆணையை மூன்று நகல் எடுத்துக்கொள். பணிப்பதிவேடு திறந்தார்களா என்று உன் கண்ணால் பார்த்து, பிறந்த தேதியையும் சேர்ந்த தேதியையும் சரிபார். பணிக்கொடைக்கு வாரிசுதாரர் பெயரை எழுதிக் கொடுக்கும் படிவம் இருக்கிறதா என்று கேள். ஆயாவையும் கூட்டிக்கொண்டு போ. அவள் பதிவேட்டில் பல வருடமாக விடுப்புக் கணக்கு ஏற்றாமல் இருக்கும், அதையும் அன்றைக்கே போட்டு வாங்கு. ஒருநாள் மையத்தை மூட முடியாது என்பார்கள். அப்படியானால் முதலில் அவளை அனுப்பு, நீ சமைத்துக்கொள்.