பளபளப்பும் பேணுதலும்

 

நம் அடுக்களையில் எவர்சில்வராக அறிமுகமான துருப்பிடிக்காத எஃகு, இன்று கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்தில் மாடிப்படிக் கைப்பிடியாகவும் வாயிற்கதவாகவும் வந்துவிட்டது. அதன் மேனியைக் கண்ணாடிபோல் மெருகிடலாம். மயிரிழைக் கோடுகள் படியத் தேய்க்கலாம். நுண்மணிகளை வீசி மங்கலாக்கலாம். சாயமின்றியே வண்ணமும் ஊட்டலாம். அமிலக் குளியலில் அதன் மேலுள்ள குரோமிய ஆக்ஸைடு படலம் தடிக்கத் தடிக்க, பட்டு மீளும் ஒளியே நீலமாகவும் பொன்னாகவும் தோன்றுகிறது.

கோலாலம்பூரில் 1998இல் கட்டி முடிக்கப்பட்ட, 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் இவ்வெஃகையே போர்த்தியுள்ளன. அவற்றின் தரைப்படத்துக்கு அடிப்படை, இஸ்லாமியக் கலையின் எட்டுமுனை நட்சத்திரம். அழகை நாடுவது நமக்கு அன்னியமன்று.

ஆயினும், தொழுமிடத்தின் தேவை வேறு. அண்டை ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றின் முன்சுவரில் கண்ணாடி மெருகுத் தகடு பதித்திருந்தார்கள். தக்பீர் கட்டி நின்ற என் எதிரே என் உருவமே நின்றது! வேலைப்பாடமைந்த போர்வை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, எளிய போர்வையைக் கேட்டு வாங்கியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! முன்சுவருக்கு எஃகுதான் வேண்டுமெனில் மயிரிழை மெருகைத் தேர்ந்தெடுங்கள். அது உருவத்தைத் தெளிவாகக் காட்டாது; விரல்தடம் அவ்வளவாகத் துலங்காது; சிறு கீறலும் கோடுகளோடு கலந்துவிடும். கண்ணாடிப் பளபளப்பு வாயிற்கதவோடு நிற்கட்டும்.

உள்ளச்சத்தோடு தொழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.