சிறு கார் போதாதா?

தோட்டத்தில் வாழ்வோருக்கு மோட்டார்க் கார் ஆடம்பரப் பொருளன்று. ஜொகூரின் உட்பகுதியிலுள்ள செம்பனைத் தோட்டங்களினின்று குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி முதலிய பட்டணங்களுக்குப் பத்துக் கல்லும் பதினைந்து கல்லும் பிரயாணம் செய்தாலன்றி ஆஸ்பத்திரியும் இல்லை, இடைநிலைப்பள்ளியும் இல்லை. பஸ் வந்து போகும் தோட்டங்கள் மிகச் சில. நள்ளிரவில் பிள்ளைக்குச் சுரம் கண்டால் எதை நம்பிப் புறப்படுவது? ஆகவே கார் வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே வினாவன்று. எத்தகைய கார், எத்தனை காலத்துக்கு என்பதே வினா. இதற்கு நம்மவருள் பலர் தரும் விடை நமக்குச் சிறிதும் உடன்பாடன்று.

உத்தியோகம் நிரந்தரமானதும் பெரிய கார் ஒன்றை ஒன்பதாண்டுத் தவணையில் எடுப்பது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது வாசலில் நிற்கும் வண்டியைக் கொண்டு மாப்பிள்ளையின் தகுதியை எடைபோடும் பெற்றோரும் உளர். கணக்கெழுதுவது நம் தொழிலாதலின், அன்பர்கள் பொறுத்தருளினால், இச்சடங்கின் விலையைச் சற்றே கூட்டிப் பார்ப்போம். கடன் 90,000 ரிங்கிட், வட்டி நூற்றுக்கு மூன்றரை, காலம் ஒன்பதாண்டு என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலம் வழங்கிவந்த நிலைவட்டி முறைப்படி வட்டி மட்டும் 28,350 ரிங்கிட். ஆக மொத்தம் 1,18,350. மாதந்தோறும் ஏறக்குறைய 1,096 ரிங்கிட். அதே வட்டியில் 36,000 ரிங்கிட் கடன் பெற்று ஐந்தாண்டில் தீர்ப்பவன் செலுத்துவது மொத்தம் 42,300, மாதம் 705. ஆறாம் ஆண்டு முதல் அவன் கட்டவேண்டிய தவணை ஏதுமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 76,050 ரிங்கிட்.

இத்தொகை எதற்கு உதவும் என்று கேட்பாருக்கு ஒரு சொல். தோட்டத்தில் நாம் குடியிருக்கும் வீடு நம்முடையதன்று. அறுபது வயதில் ஓய்வு பெறும் நாளில், கிராணியாயினும் பால்மரம் வெட்டியவராயினும் குலை அறுத்தவராயினும், சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியவரே. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தபின் பட்டணத்து ஓரத்தில் வாடகைக்கு அறை தேடிய முதியோரை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். மூன்று இலட்சம் ரிங்கிட் வீட்டுக்குப் பத்திலொரு பங்கு முன்பணம் என்றால் 30,000. அந்த முன்பணம் பலருடைய வாழ்வில் இல்லாமற் போனதன்று. நான்கு சக்கரங்களின்மேல் ஏறித் தேய்ந்து போயிற்று. நம் பாட்டன்மார் கங்காணியிடம் பெற்ற முன்கடனால் கட்டுண்டு கிடந்தனர் என்று மேடையேறி வருந்துகிறோம். பேரன்மார் தாமே வலியச் சென்று கையெழுத்திடும் கடனைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை.

நிற்க. சிறு கார் என்றால் இழிவு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்ததோ அறியோம். இங்கிலாந்தில் 1922-ஆம் ஆண்டு வெளிவந்த ஆஸ்டின் செவன் என்னும் குட்டிக் கார்தான் அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களைச் சாலைக்குக் கொணர்ந்தது. இந்தியாவில் 1983 முதல் 2014 வரை மாருதி 800 அத்தொண்டைச் செய்தது. மலேசியாவில் 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவுக்குப் பின், 1994-இல் பெரோடுவா நிறுவனம் காஞ்சிலைக் கொணர்ந்தது. 660 சிசி, மூன்று சிலிண்டர். ஜப்பானிய டைஹாட்சு மீராவின் வழித்தோன்றல். காஞ்சில் என்பது சருகுமான். பெருவிலங்குகளைத் தன் மதியால் வெல்வதாக மலாய்க் கதைகள் கூறும் அச்சிறு பிராணியின் பெயரை அதற்கு இட்டவரைப் பாராட்டத்தான் வேண்டும். அதன் உற்பத்தி 2009-இல் நின்றது. ஆயினும் நம் தந்தையார் 1998-இல் வாங்கிய காஞ்சில் பதினேழு ஆண்டு உழைத்தது. மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது. பாட்டியாரை வாரந்தோறும் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது. தீபாவளிக்கு ஆட்டிறைச்சியும் அரிசி மூட்டையும் ஏற்றி வந்தது.

அதன் ஆயுளுக்குக் காரணம் அதிர்ஷ்டமன்று. அதன் உதிரிப் பாகம் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அன்றே கிடைத்தது என்பதே முதற்காரணம். நெடுநாள் வைத்திருக்க விரும்புபவன் காரின் முகத்தைப் பாராமல் பட்டறையின் முற்றத்தைப் பார்க்கவேண்டும். அங்கே எந்த வகைக் கார் மிகுதியாக நிற்கிறதோ அதன் பாகம் மலிவு. அதன் நோயை மெக்கானிக் நன்கறிவார். மிகுதியாக நிற்பது மிகுதியாகக் கெடுவதற்கு அடையாளமன்றோ எனச் சிலர் வாதிப்பர். மிகுதியாக ஓடுவதற்கும் அதுவே அடையாளம்.

இவ்வாறு ஆராய்ந்தே 2015-இல் ஆக்சியா ஒன்றை, கையால் கியர் மாற்றும் வகையில், வாங்கினோம். 998 சிசி. தீபகற்பத்தில் ஆயிரம் சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1,500 சிசிக்கு 90. 2,000 சிசிக்கு 380. காஞ்சிலின் என்ஜினில் டைமிங் பெல்ட் என்னும் வாரைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டியிருந்தது. ஆக்சியாவில் அவ்விடத்தே சங்கிலி. அச்சங்கிலி நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவனுக்கு லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் கார் 100 லிட்டர் குடிக்கும்; பத்துத் தரும் கார் 150 லிட்டர் குடிக்கும்.

கார் வணிகர் ஒருவர் நம்மைப் பார்த்து, "கிராணியார் இதிலா போவது? தொழிலாளிகள் மதிக்கமாட்டார்களே!" என்றார். தொழிலாளிகளின் மதிப்பு நம் கையிலுள்ள சம்பளப் பட்டியல் சரியாக இருப்பதைப் பொறுத்தது என்று சொல்லிக் கையெழுத்திட்டோம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. காஞ்சிலில் காற்றுப்பை கிடையாது. அதை எண்ணும்போது, குலை ஏற்றிய லாரிகளுக்கிடையே அதில் பிள்ளைகளை வைத்து ஓட்டிய அக்காலத்தை நினைத்து இன்றும் நெஞ்சு திடுக்கிடுகிறது. காற்றுப்பையும், சறுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் கருவியும் உள்ள காருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாயினும் கொடுக்கலாம். பளபளக்கும் சக்கரத்துக்கும் தோல் ஆசனத்துக்கும் கொடுக்கலாகாது.

பழைய காரை வாங்குவோர் வெள்ளத்தை மறத்தலாகாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் நீர் பல நாள் வடியவில்லை. அந்நீரில் நின்ற கார்கள் துடைக்கப்பட்டு வேற்றூர்ச் சந்தைக்கு வருவதுண்டு. கால்விரிப்பைத் தூக்கி அடியில் சேறு உண்டா என்று பாருங்கள், ஆசனத் தண்டவாளத்தில் துரு உண்டா என்று தடவுங்கள், மூக்கையும் பயன்படுத்துங்கள். வாங்கியபின் காப்புறுதியில் வெள்ளத்துக்கென்று தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக் காப்புறுதியென்று பெயர் இருந்தாலும், கேட்டுச் சேர்த்தாலன்றி வெள்ளம் அதில் அடங்காது. நஷ்டஈடு கோராமல் ஐந்தாண்டு ஓட்டினால் கட்டணத்தில் நூற்றுக்கு 55 தள்ளுபடி கிடைக்கும்.

இனி நம்மவரின் பூசை. எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று நம்பர் தகட்டுக்கு நூற்றுக்கணக்கில் கொட்டுகிறார்கள். நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுப் புறப்படுகிறவரைக் கேட்டோம், டயரில் காற்று எவ்வளவு என்று. தெரியாது. ரேடியேட்டரில் குழாய்நீரை ஊற்றி உள்ளே துருவேற்றுகிறார்கள். கண்ணாடியில் சாமி படத்தைத் தொங்கவிட்டு எதிர்வரும் லாரியை மறைக்கிறார்கள். செம்மண் புழுதியில் காற்று வடிகட்டி மூன்று மாதத்தில் செங்கல் நிறமாகிவிடும். அதை எடுத்துத் தட்டும் நேரத்தில் பாதி கூட அப்பூசைக்கு ஆகாது. ஆயினும் பூசை தவறுவதில்லை, வடிகட்டி மட்டும் கிடந்து அடைகிறது.

நாம் செய்வது மிக எளியது. கையறைப் பெட்டியில் ஒரு குறிப்பேடு. எண்ணெய், பிரேக், பாட்டரி, டயர் ஆகியவை மாற்றிய நாளும் கிலோமீட்டரும் தொகையும் அதில் ஏறும். தவணை முடிந்தபின் மாதம் 150 ரிங்கிட்டைத் தனியே ஒதுக்குகிறோம். தவணையில் மிச்சமாகும் மற்றது வீட்டு முன்பணக் கணக்குக்குப் போகிறது. காரை எப்போது கைவிடுவது என்பதற்கும் விதி ஒன்று வைத்திருக்கிறோம். அடித்தகட்டைத் துரு தின்றுவிட்டால் கைவிடுவோம், வேறெதுவாயினும் பழுதுபார்ப்போம். வண்டி இதுவரை ஓடியது 1,64,000 கிலோமீட்டர். கிளட்ச் இப்போது கொஞ்சம் வழுக்குகிறது. அடுத்த மாதம் மாற்றவேண்டும். அதற்கான பணம் ஒதுக்கிய தொகையிலேயே இருக்கிறது.