மூணு ஒயரா... அஞ்சு ஒயரா?

அரியர் ஃபீஸ் கட்டச் சொல்லி அப்பா கொடுத்த காசுல நான் ஒரு கார் வாங்கினேன்.

பதறாதீங்க... நிஜ கார் இல்லை. ரிமோட் கார். அதுலயும் ரேஸ் கார் இல்லை, 'ராக் கிராலர்'. பெரிய பெரிய டயரோட பாறை மேல பல்லி மாதிரி ஊர்ந்து ஏறுமே, அந்த ஜாதி! கல் மேல ஒரு சக்கரத்தை வெச்சு, கொஞ்சம் நின்னு, அப்புறம்தான் அடுத்த சக்கரத்தை வைக்கும். சர்ருனு பறக்குற ரிமோட் கார்களைப் பார்த்து எனக்கு ஒண்ணுமே தோணினதில்லை. இதை வீடியோவில் பார்த்துட்டு மூணு நாள் சரியா தூக்கம் வரலைங்க!

நான் படிக்கிறது சேலத்துல, மெக்கானிக்கல். சொந்த ஊர் நாமக்கல். அப்பா லாரிப் பட்டறையில் ஃபிட்டர். அவர் கொடுத்தது 2,000 ரூபாய். தெர்மோ, மேத்ஸ்னு ரெண்டு அரியருக்கு ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, பஸ் காசு எல்லாம் அதுக்குள்ளதான். பொருட்காட்சிக்குப் போன இடத்துல ஒரு கடையில் அந்த அட்டைப்பெட்டி கண்ணுல பட்டுச்சு. மேலே கொட்டை எழுத்துல '4x4 ராக் கிராலர்'. விலை 1,700. 'ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள் இருக்கே, யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிக்கலாம்'னு ஒரு கணக்கு. மாசக் கடைசியில் ஹாஸ்டல்ல யார்கிட்ட காசு இருக்கும்? தேதி தாண்டிப்போச்சு. வீட்ல 'கட்டியாச்சுப்பா'ன்னு சொல்லிட்டேன்.

சரி, கார் எப்படி இருந்துச்சுன்னு கேட்கிறீங்களா? ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கிற பாறையில் விட்டேன். முன் சக்கரம் கல்லுல முட்டி நின்னுடுச்சு. பின் சக்கரம் ஒண்ணு அந்தரத்துல விர்ருனு சுத்துது, தரையில் இருக்கிற இன்னொண்ணு அசையக்கூட மாட்டேங்குது. பட்டனை அழுத்தினா ஒரே பாய்ச்சல், இல்லைன்னா சும்மா நிக்கும். திருப்பினா முழுசா லெஃப்ட், இல்லைன்னா முழுசா ரைட். நடுவுல ஒண்ணுமே கிடையாது. மூணாவது தடவை மல்லாக்க விழுந்துச்சு. ரூம்மேட் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு லீவுல ஊருக்குப் போனப்போ அப்பா 'ரிசல்ட் வந்துடுச்சா?'ன்னு கேட்டார். பொய்க்கு மேல பொய் அடுக்கத் தெம்பில்லை. சொல்லிட்டேன். அடி விழும்னு நினைச்சேன். விழலை. ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அது அடியை விடக் கொடுமைங்க!

சாப்பிட்டு முடிச்சதும், 'அதை எடுத்துட்டு வா'ன்னார். குப்புறக் கவுத்துப் பார்த்தார். 'நாலு வீலும் இழுக்கும்னு போட்டிருக்கான், முன்னாடிக்கு ஷாஃப்ட்டே வரலையேடா?' அப்புறம் பின் சக்கரம் ஒண்ணை விரலால சுத்தினார். இன்னொரு சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துச்சு. 'லாக் இல்லாத டிஃபரன்ஷியல். ஒரு வீல் தூக்கிட்டா அது மட்டும்தான் சுத்தும். டிப்பர் லாரி சேத்துல மாட்டினா டிரைவர் டிஃப் லாக் போடுவான்ல... அது இல்லாம கல்லுல எப்படி ஏறும்?'

ரெண்டு செமஸ்டரா போர்டுல வரைஞ்சு காட்டினப்போ புரியாதது அந்த ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுது. நீங்களும் கடையில் இதைச் செஞ்சு பார்க்கலாம். கடைக்காரரைக் கேட்டுட்டு, காரைத் தூக்கிப் பிடிச்சு ஒரு சக்கரத்தை மெதுவா சுத்துங்க. எதிர்ச் சக்கரம் அதே பக்கமா சேர்ந்து சுத்தினா லாக் பண்ணின ஆக்ஸில். கிராலருக்கு வேண்டியது அதுதான். திரும்பறதுக்குக் கொஞ்சம் அதிக இடம் கேட்கும், பரவாயில்லை.

கடைசியா அப்பா ஒண்ணு கேட்டார்: 'இதுக்கு ஸ்பேர் கெடைக்குமா?'

'கெடைக்காதுப்பா.'

'அப்புறம் எதுக்குடா வாங்குன?'

எங்க ஊர்ல லாரி வாங்கும்போது முதல் கேள்வியே அதுதான். கலர், கேபின் எல்லாம் அப்புறம். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கேயோ நடுரோட்டுல நின்னுட்டா, பக்கத்து ஊர்ல சாமான் கிடைக்குமா, கிடைக்காதா? அந்தப் பட்டறையில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை பாருங்க!

அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போனேன். ஒரு நாளைக்கு 500 ரூபாய், சாப்பாடு ஃப்ரீ. முதல்ல வந்த காசுல அரியர் ஃபீஸ் ரெண்டையும் கட்டி, ரசீதை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரலை. ஆனா ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு.

மிச்சக் காசைக் கையில் வெச்சுக்கிட்டு இந்தத் தடவை ஒழுங்கா விசாரிச்சேன். ட்ராக்சஸ் கம்பெனியோட டிஆர்எக்ஸ்-4, 2017-ல் வந்தது. அதுல ரிமோட்லேயே டிஃபரன்ஷியலை லாக் பண்ணலாம், எடுக்கலாம். அப்பா கேட்டா அசந்துபோவார். ஆனா அமெரிக்காவிலேயே பல நூறு டாலர். வீடியோவில் டாலர் விலையைப் பார்த்துட்டு ரூபாயால பெருக்கி ஏமாறாதீங்க. நம்ம நாட்டுல 2020 பட்ஜெட்ல பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவிகிதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. நீங்க ஆசைப்படறதைக் கஸ்டம்ஸ்காரங்க பொம்மைக் கணக்குல சேர்த்துட்டா அவ்வளவுதான்!

நம்ம பட்ஜெட்டுக்குப் பொருந்துறது சின்ன சைஸ்தான். டபிள்யூ.பி.எல். 1/16 அளவுல பிக்கப், லாரியெல்லாம் பண்றாங்க. எம்.என். கம்பெனியோட டி90, 1/12 அளவு, பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டர் ஜாடை. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தா 2019-ல் வந்த ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24. 1/24 அளவு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. ஹாஸ்டல் டேபிள்ல நாலு புக்கைச் சரிச்சு வெச்சா அதுக்கு அதுதான் மலை. வாங்கிப் படிக்காத புக்குக்கு ஒரு உபயோகம்!

எதை வாங்கினாலும் ரிமோட்டைப் பாருங்க. ஆன்-ஆஃப் பட்டன் மாதிரி இருக்கா, இல்லை விரல் அசையுற அளவுக்கு ஏத்த மாதிரி வண்டி அசையுதா? 'புரப்போர்ஷனல்'னு கேட்டா கடைக்காரருக்கே தெரியும். பாடி எவ்வளவு அழகா இருந்தாலும் இது இல்லைன்னா வெச்சுட்டு வந்துடுங்க. நத்தை வேகத்துல நகர முடியாத வண்டி கிராலரே இல்லை.

நான் கடைசியில் புதுசே வாங்கலை. ஈ.சி.இ. சீனியர் ஒருத்தர் பழசு ஒண்ணை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தார். ஸ்டியரிங் வேலை செய்யாது, அதான் அந்த விலை. சக்கரத்தைத் திருப்புற சின்ன மோட்டார், அதாங்க சர்வோ, உள்ளே பல் தேஞ்சுபோச்சு. இங்கேதான் தலைப்பு வருது. சர்வோவில் இருந்து வர ஒயரை எண்ணிப் பாருங்க. மூணு ஒயர்னா பிரச்னையே இல்லை. அளவும் வோல்டேஜும் பொருந்துற எந்த சர்வோவையும் மாட்டலாம். ரோபோ புராஜெக்ட் பண்ற பசங்க டப்பாவில் கிடக்குற எம்ஜி90எஸ் கூட போதும், மெட்டல் கியர், விலையும் கம்மி. அஞ்சு ஒயர்னா அந்த சர்வோவை ஆட்டுற மூளையே காரோட போர்டுல இருக்குன்னு அர்த்தம். அதே கம்பெனி சாமான்தான் மாட்டணும். இல்லைன்னா ரிசீவர்ல இருந்து எல்லாத்தையும் மாத்தணும். மலிவு வண்டிகள் நிறையவே அஞ்சு ஒயரோட வருது. சீனியர்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான். 'மூணு'ன்னார். உடனே காசை நீட்டிட்டேன்.

பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனியா காசு ஒதுக்குங்க. லிப்போவா இருந்தா ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா செல் வீணாப்போகும். உப்பிப்போன பேட்டரியை யார் ஃப்ரீயா கொடுத்தாலும் தொடாதீங்க. சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கற வேலையும் வேண்டாம். தீப்பிடிச்சா உங்க ரூமோட நிக்காது.

ஓட்டிப் பார்த்தேன். ஏறுது, ஆனா செங்குத்தா வந்தா முன்பக்கம் தூக்குது. போன மாசம் ஊருக்கு எடுத்துட்டுப் போய், பட்டறைக்குப் பின்னாடி கொட்டி வெச்சிருந்த ஜல்லி மேட்டுல விட்டேன். அப்பா கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னார். வண்டி பாதி ஏறி, தூக்கி, சரிஞ்சுது. மறுபடி ஏறுச்சு, சரிஞ்சுது. ஒண்ணும் சொல்லாம எதிர்ல இருக்கிற டயர் கடைக்குப் போனார். வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற ஈயத் துண்டு நாலு வாங்கிட்டு வந்து, முன் ஆக்ஸில்ல ரெண்டு, முன் சக்கரத்துக்குள்ள ஆளுக்கு ஒண்ணுன்னு ஒட்டினார்.

'இப்ப விடு.'

விட்டேன். கல்லு கல்லா தொட்டுத் தொட்டு மேலே போய் நின்னுச்சு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

'மேத்ஸ் பாஸாயிட்ட. தெர்மோ எப்ப வரும்?'

'அடுத்த வாரம்பா.'

'ம்'னுட்டு ரிமோட்டை வாங்கிக்கிட்டார்.